ஏழு இருபத்திரண்டு

கம்பம் பள்ளத்தாக்கில் தினமும் காலை ஏழு இருபத்திரண்டுக்கு ஐம்பத்தைந்து வினாடி எந்தச் சத்தமும் எழுவதில்லை. மிக்சி சுழலும், இரைச்சல் வராது. சேவல் அலகைத் திறந்து மூடும். முதல் வருஷம் அது பதினொரு வினாடியாகத்தான் இருந்தது.

அதைத் தொடங்கிவைத்தவள் ஜெசிந்தா. உள்ளூர்ச் சமுதாய வானொலியில் காலைச் செய்தி வாசித்தவள். ஒரு மார்கழிக் காலையில் தலைப்புச் செய்திகள் முடிந்து, விரிவான செய்திகளுக்கு நடுவே 'சற்றுமுன் கிடைத்த செய்தி' அவள் திரையில் வந்து விழுந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதைப் பனியில் உருண்டு ஐந்து பேர் பலி. முதல் பெயர் சாலமன், விடியுமுன்னே அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிய புருஷன். வானொலியில் மூன்று வினாடிக்கு மேல் மௌனம் கூடாது. மீறினால் அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர். சாலமன் பெயரை வாசித்துவிட்டு ஜெசிந்தா பதினொரு வினாடி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சண்முகராஜ் கையை ஆட்டினார். பிறகு மீதி நான்கு பெயரையும் ஒரே மூச்சில் வாசித்து, 'இத்துடன் செய்திகள் முடிவடைந்தன' என்று சொன்ன பின்தான் ஹெட்போனைக் கழற்றினாள். மறுநாள் அதே நேரத்தில் லோயர் கேம்பிலிருந்து சின்னமனூர் வரை பதினொரு வினாடி ஊமையானது. சில நாள் காது டாக்டர்களிடம் கூட்டம் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

வருஷம் திரும்புகையில் பொன்னாத்தாள் வந்தாள். அவள் ஒரே மகன் வினோத்ராஜும் அந்த ஜீப்பில் போனவன்.

"ஒம் புருசனுக்கு ஊரே நிக்கிது தாயி. எம் மகன் பேர மட்டும் மூச்சுவிடாம வாசிச்சுட்டுப் போயிட்டியே?"

"நின்னுருந்தா அங்கனயே விழுந்துருப்பேன் ஆத்தா."

"ஒன்னயக் குத்தம் சொல்லல. அவனுக்கும் கொஞ்சம் நில்லு."

நிலைய மேலாளர் சம்மதிக்கவில்லை. நினைவு நாளன்று ஜெசிந்தா செய்தியறிக்கையை ஒதுக்கிவைத்து அந்த நான்கு பெயர்களை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பதினொரு வினாடி நின்றாள். அன்றே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் முதல் மௌனம் ஐம்பத்தைந்து வினாடியாயிற்று.

இப்போது அவள் பொன்னாத்தாளோடு திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் வெட்டப் போகிறாள். விசில் கேட்காதென்று போடி பஸ்ஸை ஒரு நிமிஷம் தள்ளி எடுக்கிறார்கள். மலையேறும் ஜீப்காரர்கள் ஓரங்கட்டி நிற்கிறார்கள். புதிதாகச் செய்தி வாசிக்கும் பிரின்சி கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள். சத்தம் திரும்பியதும் முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் வாசிக்கப்படுகிறது.

"எத்தன அடிங்கிறாக?" என்று கேட்கிறாள் பொன்னாத்தாள்.

"நூத்தி இருவத்தெட்டு ஆத்தா" என்று சொல்லி, ரேடியோவை அணைத்துவிட்டு ஜெசிந்தா வீட்டைப் பூட்டுகிறாள்.