சிவப்பு என்று எழுதிவிட்டேன்

அகராதிக்கு அச்சுப்படி திருத்துவது என் பிழைப்பு. அன்று காலை 'இன்கேண்டசென்ட்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. சூட்டால் ஒளிர்வது என்று பொருள்; அது தெரிந்ததுதான். கீழே அதன் பிறப்பு போட்டிருந்தது: வெண்மையாக ஒளிர்வதைச் சொல்லும் லத்தீன் சொல். மெழுகுவத்திக்குச் சொல்கிற 'கேண்டில்' அதற்கு உறவு. தேர்தலில் நிற்கிற 'கேண்டிடேட்'டும் உறவு; பழைய ரோமில் பதவி கேட்டு வந்தவர்கள் வெள்ளை உடுத்தி வருவார்களாம். அன்றைக்கே வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. நான் சிவப்பு என்றல்லவா எழுதிக் கொடுத்தேன்?

அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையில், இரும்பைப் பதப்படுத்தும் உலைக்குப் போன மாதம் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். மொழிபெயர்த்தது நான். உட்சுவர் 'இன்கேண்டசென்ட்' ஆனால் கதவைத் திறக்காதே என்று ஆங்கிலத்தில் இருந்தது. நெருப்பென்றால் நமக்குச் செந்தணல்தானே? 'செக்கச்செவேலென்று கனன்றால் திறக்காதே' என்று எழுதினேன். அகராதி திருத்துகிறவள் அகராதியைப் புரட்டவில்லை. என் திமிரைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பட்டறைக்கு ஓடினேன். அண்ணன் உலைப் பக்கம் இல்லை. பெட்டி கட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தார், இடது முன்கையில் கட்டு.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லம்மா. புதுசா வந்த ஃபிட்டர் நேத்து சிவப்பு போகட்டும்னு காத்திருந்தான். சூடு இன்னும் ஏறி வெள்ளையானதும், ஆறிடுச்சுன்னு திறந்துட்டான். பிடிச்சுத் தள்ளுனேன், எனக்கு லேசா சுட்டுருச்சு."

"பலகையப் பாத்துத்தானே?"

அவர் அடுத்த பெட்டியை இழுத்து மடக்கினார்.

"நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"நான்தான் அவனுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். இனி உலைப் பக்கமே போகாதன்னுட்டாரு. விடு, இதுவும் வேலைதானே."

பதினெட்டு வருஷம் உலையின் சூட்டைக் கண்ணாலேயே அளந்த மனுஷன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். "பலகையில எழுதினது நான். தப்பு என்னோடது. அண்ணன் சொன்னது பொய்."

அவர் எழுந்து போய்ப் பலகையைப் படித்துவிட்டு, அங்கேயே ஆள் விட்டுக் கழற்றச் சொன்னார். "உங்களுக்கு இனிமே இங்க எழுத்து வேலை கிடையாது," என்றார். "அண்ணன உலைக்குப் போகச் சொல்லுங்க."

சொன்னேன். அண்ணன் டேப்பைக் கீழே வைத்தார்.

"உன்ன யாரு கேட்டா?" என்று அதட்டினார். அதட்டும்போதே கண் கலங்கிவிட்டது. அலமாரியிலிருந்து கையுறையை எடுத்தார். கட்டின் மேல் அது ஏறவில்லை. சிறிது நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் மாட்டிவிட்டேன்.