விரிசல் விழுந்த அச்சு

மலைமேல் இருக்கும் மடத்திலிருந்து திரும்பிய ஸ்ட்ராட்டிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் முழங்கால் வலிக்காக ஜெபிக்கும்படி அங்குள்ள முதிய துறவியைக் கேட்கத்தான் போயிருந்தான்.

"பெரியவர் என்ன சொன்னாரு தெரியுமா எவந்தியா? 'வாராவாரம் எங்களுக்குப் பூசை அப்பம் சுட்டு அனுப்புற அம்மா, மாவு பிசையும்போதே ஜெபிக்கிறவங்க. அவங்களைப் போய்க் கேளு'ன்னாரு. அப்பேர்ப்பட்டவங்களை நான் எங்க போய்த் தேடுறது?"

அவன் மனைவி எவந்தியா கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டாள். சனிக்கிழமை விடிந்தால் அவள் மாவு பிசைந்தபடி முணுமுணுப்பாள். அவன், "தூங்க விடேன்டி" என்று தலையணையால் காதைப் பொத்திக்கொள்வான். சுட்ட அப்பம் பஸ் ஏறி எங்கே போகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அந்தம்மா சுட்ட அப்பம் ஒண்ணு குடுத்தாரா?"

பயபக்தியோடு பையிலிருந்து எடுத்தான். அப்பத்தின் மேல் பதிந்த சிலுவைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியது. எவந்தியா அப்பத்தில் சிலுவை பதிக்கும், போன ஈஸ்டருக்கு அவன் கைதவறிப் போட்டு விரிசல் விட்ட மர அச்சின் கோடு.

அப்பத்தைப் பார்த்தான், அடுப்படியில் கிடந்த அச்சைப் பார்த்தான். மனைவியைப் பார்க்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்காக ஜெபம் பண்றியா?"

"இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணிட்டிருக்கேன். நீங்கதான் காதைப் பொத்திக்கிறீங்க."