நாலரை அங்குலம்

விலாவோடு விலா ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் போல அந்த இரண்டு வீடுகளும் ஒரே நடுச்சுவரில் ஒட்டி நின்றன. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து "யாருக்குச் சளி?" என்று குரல் வரும். இடது வீட்டில் சின்னவள், வலது வீட்டில் பெரியவள். கூடப்பிறந்த அக்காவும் தங்கையும். அவர்களுக்குள் ஒரு குறையும் கிடையாது. குறை என்று இருந்ததெல்லாம் அவர்கள் கட்டிக்கொண்ட இரண்டு மனிதர்கள்தான்.

பெரியவளின் கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்பதைக்கூடக் காலைக் கூட்டத்தில் அறிவிப்பதைப் போலத்தான் சொல்வார். சின்னவளின் கணவர் பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். ஒரு திருகாணி கேட்டு வருகிறவனையும் கால் கடுக்க நிற்க வைத்துப் பழகிய கை. வீட்டில் சர்க்கரை டப்பாவையும் "யாருக்கு, எதுக்கு" என்று கேட்காமல் எடுத்துத் தர மாட்டார்.

சகலைகள் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஓர் ஏணி. இரவல் போன ஏணி ஒரு படி உடைந்து திரும்பி வந்தது. போகும்போதே உடைந்துதான் இருந்தது என்கிறார் ஒருவர். முழுசாகத்தான் போனது என்கிறார் மற்றவர். அந்த ஏணி மக்கி மண்ணாகிவிட்டது. மனஸ்தாபத்தை மட்டும் இருவரும் நிழலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, வாடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் தையல்காரி. துணி வெட்ட அவளிடம் ஒரு பெரிய மேசை இருந்தது. நாலடி அகலம், ஆளுயர நீளம். அதைப் போட இடம்தான் இல்லை. படுக்கையறைச் சுவரில் ஒருக்களித்துச் சாத்தி வைத்திருந்தாள். வெட்டுவதெல்லாம் தரையில்தான். குனிந்து குனிந்து முதுகெலும்பு கேள்விக்குறியாக வளைந்துகொண்டிருந்தது. இனிமேல் முடியாது, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டியே தீருவது, நடுவில் மேசையைப் போட்டு நாலு பக்கமும் சுற்றி வந்து நின்றபடி வெட்டுவது என்று முடிவெடுத்தாள். ராத்திரி பகலாகத் தைத்து அதற்கு வழியும் பண்ணிவிட்டாள். ஆசை அவ்வளவுதான். மாளிகையா கேட்டாள்?

மேஸ்திரி வந்து கொல்லையைப் பார்த்தார். இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே நெஞ்சளவில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "சார், ரெண்டு வழி இருக்கு" என்றார். "இந்த எல்லைக் கோட்டு மேலயே சுவரை ஏத்திடலாம். ஒன்பது அங்குலச் சுவர். உங்க பக்கம் நாலரை, அவங்க பக்கம் நாலரை. பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்கு அவங்க ரூம் எடுத்தாலும் இதே சுவர் ஆகும்."

"கையெழுத்தா? அந்த மனுஷன்கிட்டயா?" ஸ்டோர்கீப்பரின் மூக்கு விடைத்தது. "ரெண்டாவது வழியச் சொல்லுப்பா."

"முழுக்க உங்க இடத்துக்குள்ள கட்டணும். அஸ்திவாரம் சுவரை விட அகலமா வரும், அதுவும் உள்ளதான் அடங்கணும். வெளிப்பக்கம் பூச நான் எங்க நிக்கிறது? அதுக்கும் இடம் விடணும். ரெண்டரை அடி போயிடும் சார்."

"போகட்டும். விடு."

சர்க்கரைக்குக் கணக்குக் கேட்கிற மனிதர் இரண்டரை அடி நிலத்தைக் காற்றுக்குத் தாரை வார்த்த அழகைச் சின்னவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"என்னங்க, ஒன்பதடி ரூம் ஆறரை அடியாயிடுது."

"மானம் பெரிசா, ரெண்டரை அடி பெரிசா?"

"மானத்து மேல துணியப் போட்டு வெட்ட முடியாதுங்க."

அவர் காதில் விழவில்லை. சில காதுகளுக்கு அந்த வசதி உண்டு.

ஒட்டு வீட்டில் ரகசியம் தங்காது. மறுநாள் காலை தலைமையாசிரியர் தம் கொல்லையில் நின்று, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முருங்கைக் கன்றைப் பார்த்து உரையாற்றினார். "கையெழுத்துக் கேட்டால் சிலருக்குக் கிரீடம் கழன்று விழுந்துவிடுமாம். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? எனக்குப் பயந்து இரண்டரை அடி ஒதுங்கிப் போனார் என்று சொல்லும். அந்தப் பழி எனக்கு வேண்டாம். நானும் என் பக்கம் ஒரு சுவர் எழுப்புகிறேன். மூன்றடி உள்ளே தள்ளி!"

கன்று ஒன்றும் பதில் சொல்லவில்லை. பதில் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது. அதுவும் காக்கையைப் பார்த்து. "மூணடியாமே மூணடி! மேஸ்திரி வரட்டும், மூணரை அடி தள்ளிப் போடச் சொல்றேன்!"

நிலத்துக்காக வெட்டிக்கொண்டு சாகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நிலத்தை விட்டுக்கொடுப்பதில் குத்துச்சண்டை போட்டவர்களை அந்தத் தெரு அன்றுதான் கண்டது.

அவர்கள் உள்ளே போனதும் பெரியவள் ஈரத் துணி வாளியோடு குட்டைச் சுவரோரம் வந்தாள்.

"ஏண்டி, இப்படியே போனா உன் ரூம் அலமாரி ஆயிடும் போலிருக்கே."

"எனக்கு அலமாரியாச்சும் மிஞ்சும். அத்தான் வேகத்துக்கு உனக்குக் கொல்லையே மிஞ்சாது."

"நடுவுல ஆறரை அடி சந்து. கதவில்லாத சந்து! பூனைங்க குடும்பம் நடத்தலாம்." பெரியவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிடலாமாடி?"

சொல்ல வேண்டியது இதுதான். அந்த இரண்டு வீடுகளும் அவர்களுடைய அப்பா வாங்கி, ஆளுக்கு ஒன்றாக இரண்டு மகள்கள் பேரிலும் எழுதி வைத்தவை. மாப்பிள்ளைகள் பெட்டியோடு வந்து குடியேறியவர்கள். சம்மதம் சொல்ல வேண்டியவர் வீட்டுக்கு உரியவர் என்றால், அது பெரியவள். கேட்க வேண்டியவள் சின்னவள். எந்தக் கையெழுத்தைக் கேட்க மாட்டேன் என்று ஒருவரும், கேட்டால்தான் தருவேன் என்று இன்னொருவரும் மீசையை முறுக்கினார்களோ, அந்தக் கையெழுத்து இருவரிடமும் இல்லை. இது அவர்களுக்குத் தெரியாததல்ல. ராஜா வேஷம் கட்டினவனுக்கு நாற்காலி வாடகைக்கு வந்தது என்பது மேடையில் ஞாபகம் இருக்குமா?

"வேண்டாங்க்கா" என்றாள் சின்னவள். "சொன்னா அந்த மனுஷன் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. ரெண்டு நாள் பொறு. தானா இறங்கி வருவாங்க."

உங்களுக்கும் எனக்கும் தெரியும், இந்த 'ரெண்டு நாள் பொறு' எத்தனை பெண்களின் ஆயுசைத் தின்றிருக்கிறது என்று.

அவர்கள் இறங்கி வரவில்லை. மேஸ்திரிதான் வந்தார், கடப்பாரையோடும் நூல் கண்டோடும். முளையடித்து, நூலை இழுத்துக் கட்டி, அறை வரப்போகும் இடத்தைத் தரையில் காட்டினார். ஐந்தரை அடி. சின்னவள் பார்த்தாள். நேராக உள்ளே போய் மேசையை இழுத்தாள். மேஸ்திரி ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு நூலுக்கும் நடுவில் மேசையைப் போட்டாயிற்று. ஒரு பக்கமாக ஒட்டிப் போட்டால் மறுபக்கம் போக வழியில்லை. நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் ஒரு கோழி போகலாம். சின்னவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்து பார்த்தாள். நுழைந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டாள். நூல் அறுந்து முளை பிடுங்கிக்கொண்டு வந்தது.

ஸ்டோர்கீப்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை மேற்பார்வை பார்த்தார். பிறகு, மிகுந்த யோசனைக்குப் பின், "சின்ன மேசையா ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்றார்.

சின்னவள் நிமிர்ந்தாள். முதுகு 'கடக்' என்றது. எத்தனையோ வருடமாக உள்ளே மடித்து வைத்திருந்த ஒன்றும் அதோடு நிமிர்ந்தது.

"அக்கா!" குரல் குட்டைச் சுவரைத் தாண்டிப் பாய்ந்தது. "பேனா எடுத்துட்டு வா!"

பெரியவள் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி வந்தாள். பேனா கையிலேயே இருந்தது. சுற்றி வரப் பொறுமையில்லாமல், முக்காலியைப் போட்டு ஏறி, அந்த வயதில், குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்தாள்.

"மேஸ்திரி, சம்மதம் யார் குடுக்கணும்?" என்றாள் சின்னவள்.

"வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கம்மா."

"இது என் பேர்ல. அது எங்கக்கா பேர்ல. தாளக் குடுங்க."

மேஸ்திரி தாளை எடுத்தார். கண்ணை ஸ்டோர்கீப்பர் பக்கம் திருப்பவேயில்லை, நல்ல மனிதர். மேசைமேல் தாளை விரித்து அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் குட்டைச் சுவருக்கு அப்பால் தலையை நீட்டினார். "என்ன நடக்கிறது இங்கே? என் அனுமதி இல்லாமல்..."

"உங்க அனுமதி உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்றாள் பெரியவள். "அடுப்புல பால் இருக்கு. பொங்குறதுக்குள்ள போய் இறக்குங்க. அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்."

சகலைகள் இருவரும் அன்றைக்குத்தான், பல வருடத்துக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் ஒரே வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இரண்டு பயணிகளின் பார்வை அது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாலும் பொங்கிக்கொண்டிருந்தது.

சுவர் எல்லைக் கோட்டின் மேலேயே எழும்பியது. சின்னவள் பயந்தபடி ஸ்டோர்கீப்பர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்தான், ஆனால் மூன்றே நாள். நாலாம் நாள் தெருமுனையில் யாரோ விசாரித்தபோது, "சகலையாச்சேன்னு நான்தான் விட்டுக்கொடுத்தேன், நாலரை அங்குலம்" என்றார். அதே நேரத்தில், தெருவின் மறுமுனையில், "சின்னவர், அறியாதவர், போகட்டும் என்று நாலரை அங்குலம் விட்டுக்கொடுத்தேன்" என்று தலைமையாசிரியர் அறிவித்துக்கொண்டிருந்தார். புதுச் சுவருக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் இல்லையா? இருவரும் ஆளுக்கொரு வாளியோடு அவரவர் பக்கத்தில் நின்று ஊற்றினார்கள்.

"மேஸ்திரி, யார் பக்கம் நல்லா இறுகியிருக்கு?" என்று ஒரு நாள் ஸ்டோர்கீப்பர் ரகசியமாகக் கேட்டார்.

"ஒரே சுவருதானே சார்" என்றார் மேஸ்திரி.

"இருந்தாலும்?"

கூரை போடுவதற்கு முன்பே சின்னவள் மேசையை நடுவில் போட்டுவிட்டாள். தலைக்கு மேலே வானம் இருந்தது. பூப்போட்ட துணியை விரித்து, கத்திரிக்கோலோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தாள். அதற்கு வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

ஸ்டோர்கீப்பர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். அவர் நிழல் துணிமேல் நீண்டு விழுந்தது. "பாத்தியா, எவ்வளவு தாராளமா இருக்குன்னு! எல்லாம் நான் பெருந்தன்மையா நடந்துக்கிட்டதாலதான்."

"ஆமாங்க" என்றாள் சின்னவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிச்சத்த மறைக்காதீங்க."

கத்திரிக்கோல் நீளமாக, நேராக ஓடியது.