கேக் கதையின் மிச்சம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் ‘ஜவ்வு’ என்று பெயர். கதை சொல்ல ஆரம்பித்தால் அப்படி இழுப்பார். அதுவும் கேக் கதையை எடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும்.

வீட்டிலும் அதே கதிதான். மகன் தலையை ஆட்டிக்கொண்டே அரை நிமிட வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருப்பான். மகள் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே வீடியோவைத் தள்ளுவதுபோல் கட்டைவிரலை மேலே தள்ளிக் காட்டி, “போக மாட்டேங்கிறீங்களேப்பா” என்றாள். மனைவியோ அவசர மணி வேலை செய்யாத கட்டம் வந்தாலே அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள். ஒரே ஒருத்தராவது அந்தக் கதையைக் கடைசிவரை கேட்க மாட்டார்களா என்று மனிதருக்கு ஏக்கம்.

அன்று நாலு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். அரை நிமிட வீடியோ தயாரிக்கும் ஆபீஸ்காரர்கள். முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் வீடியோ செத்தது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர்கள். லிஃப்ட் மாடிக்கு வந்து நின்றுவிட்டது, கதவுதான் திறக்கவில்லை. உள்ளே சிக்னலும் இல்லை. மாட்டியவர்கள் பதறாமலிருக்கப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஜவ்வுக்கு வேறென்ன வேண்டும்? வெளியே உட்கார்ந்து கதவின் பூட்டைக் கழற்றியபடியே ஆரம்பித்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிறந்தநாள் கேக்கோடு வந்த ஒரு பெண்ணும் அவரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். பட்டன்கள் அவள் பக்கம் இருந்தன. அவசர மணியை அழுத்திப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்றாள். நேரம் போனது, பசித்தது. முதலில் ஓரத்துக் க்ரீம், அப்புறம் ஒரு மூலை, அப்புறம் பெட்டிதான் மிச்சம். கேக்கோ அவளுடைய மேனேஜருக்கு.

உள்ளேயிருந்து “ம்... ம்...” என்று சத்தம் வந்தது. அவர் கதைக்கு ஒருவர் ‘ம்’ கொட்டி எத்தனை வருஷமாயிற்று!

“கடைசியில கதவு திறந்துச்சு. எதிர்ல மேனேஜர். கையில கத்தி.”

அந்த நேரம் பார்த்துப் பூட்டு கழன்றுவிட்டது. கதவை இழுத்தால் நாலு பேரும் பறந்துவிடுவார்கள். இன்னும் இரண்டே நிமிஷம் கிடைத்தால் கதை முடிந்துவிடும். கை தயங்கியது. பிறகு, தொழில் தொழில்தான் என்று இழுத்துத் திறந்துவிட்டார்.

நாலு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. ஒருத்தரும் நகரவில்லை. வீடியோக்களை வெட்டிச் சுருக்கும் எடிட்டர் பெண்தான் கேட்டாள்.

“கத்தி எதுக்குங்க? சொல்லி முடிங்க.”

கேக் வெட்டத்தான் என்றார். மேனேஜர் காலிப் பெட்டியைப் பார்த்தார், இவர் மீசையில் இருந்த க்ரீமைப் பார்த்தார், ருசி எப்படி என்று கேட்டார். அந்தப் பெண்தான் இன்று இவருடைய வீட்டுக்காரி. நாலு பேரும் கைதட்டினார்கள். ஜவ்வுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கதை முழுசாக அரங்கேறிய சேதியைச் சொன்னார்.

எடிட்டர் பெண் குனிந்து, “அக்கா, அதெல்லாம் நிஜந்தானா?” என்றாள்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு வந்தது.

“எல்லாம் நிஜம்தாம்மா. ஒண்ணைத் தவிர. அந்த மணியை நான் அழுத்தவே இல்ல.”

ஜவ்வு அப்படியே டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“ம்,” என்றார். “அப்புறம்?”