உப்பில்லாத நீலம்

எங்கள் கல்லூரியில் தமிழ்த் துறைக்கும் வேதியியல் துறைக்கும் நடுவே ஒரு தட்டிச் சுவர்தான். இந்தப் பக்கம் நாங்கள் ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்தால், அந்தப் பக்கம் அப்புசாமிப் புலவர் பாடத்தை நிறுத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குச் சாபம் கொடுப்பார். சாபம் வெண்பாவில் வரும். நாலாயிரம் வெண்பாவாவது இருக்கும். அதில் ஏதோ ஒன்று அந்த வருடம் பலித்துவிட்டது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். லெக்சரர் சொல்வதைச் செய்து காட்டி, கண்ணாடிக் குழாய் உடைந்தால் திட்டும் வாங்கிக்கொள்கிற உத்தியோகம்.

அறுபத்தெட்டு ஜூனில் கல்லூரி திறந்தபோது எங்கள் துறையில் பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு மட்டுமே. பட்ட வகுப்பு இல்லாத துறைக்குக் கல்லூரியில் கிடைக்கும் மரியாதை, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு வந்தவனுக்குக் கிடைப்பது. ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்குக் கீழே பொருளாதாரத் துறை உட்காரும். நாங்கள் அதன் காற்று திரும்பிப் போகிற மூலையில் உட்காருவோம். அதனால் எங்கள் தலைவர் வேலுமணி சார் அந்த வருடம் பி.எஸ்சி. கேட்டு எழுதிப்போட்டார். மாசி மாதம் பல்கலைக்கழகக் கமிட்டி பார்வையிட வருவதாகப் பதில் வந்தது.

சார் வெள்ளை முழுக்கைச் சட்டைக்காரர். மணிக்கு ஒருமுறை கை கழுவுவார். கழுவிவிட்டு நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம். நொய்யல் கரையில் சாயப்பட்டறை வைத்திருந்த ரத்தினசாமியின் மகன் அவர். அந்த வீட்டில் ஏழு தலைமுறையாக நகக்கண்ணில் நீலத்தோடுதான் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சார் மட்டும் சென்னைக்குப் போய்ப் படித்து, நீலத்தைக் கழுவிவிட்டு வந்தவர். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "பிசினஸ்" என்பார்.

பி.எஸ்சி. வருமா என்ற கேள்வியில் நிஜமாகத் தொங்கிக்கொண்டிருந்தது முனவர் பேகத்தின் வேலை. தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தற்காலிக லெக்சரர். பட்ட வகுப்பு வந்தால் நிரந்தரம், வராவிட்டால் ஏப்ரலோடு சரி.

"அத்தா ஒரு மாப்பிள்ளையப் பாத்து வெச்சிருக்காருங்க" என்பார் என்னிடம். "அவங்களுக்குப் படிச்ச பொண்ணு வேணுமாம். ஆனா படிச்சதை வெளிய காட்டக் கூடாதாம்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பஸ் நேரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் ஊரில் வந்த விருந்தாளிக்குத் துணி போர்த்தாமல் அனுப்புவதில்லை. மற்ற ஊரில் பட்டோ ஜரிகையோ போர்த்துவார்கள். நாங்கள் பனியன் துணியில் சால்வை வெட்டிப் போர்த்துவோம். அதைத் துறையே சாயம் போட்டுக் கமிட்டிக்குப் போர்த்தினால் என்ன என்று சாருக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் பட்டறைக்காரன் செய்கிற மாதிரி செய்யக் கூடாது என்று அதற்கு ஒரு வால் முளைத்தது.

"ஊர்த் தண்ணி வேண்டாம். காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டுந்தான்" என்றார் சார்.

வடித்தோம். கண்ணாடிக் குடுவையில் சொட்டுச் சொட்டாக இரண்டு டிரம் நிரம்புவதற்குள் எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. பிறகு நீலச் சாயத்தைக் கரைத்து அடுப்பில் ஏற்றினோம். முனவர் பேகம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இந்தச் சாயத்துக்கு உப்பு போடோணும்னு இருக்குதுங்க. உப்பு இருந்தாத்தான் நூலுக்குள்ள இறங்குமாம். ரெண்டு படி கல்லுப்பு வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

சார் முகம் சுருங்கியது. "கல்லுப்பா? அதையும் கொட்டிட்டா நமக்கும் பட்டறைக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"வித்தியாசம் எதுக்குங்க சார், சாயம் நின்னாப் போதாதுங்களா?"

"கலர் பத்தலைன்னா சாயத்தை இன்னும் கொஞ்சம் கொட்டுங்க."

முனவர் பேகம் கொட்டி, துணியை முக்கி எடுத்தார். துணி மயில் கழுத்து மாதிரி வந்தது. அலசினால் பளபளப்புப் போய்விடும் என்று சார் அலசவும் விடவில்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்தோம். புலவர் தட்டி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதுவே எங்களுக்குப் பெரிய பாராட்டு.

கமிட்டி வந்த அன்று மத்தியானம் மூன்று மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூட்டம். அந்த வெயிலில் காங்கேயம் காளைகூட நிழலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கும். வந்த மூவரும் வெள்ளை ஜிப்பா. சார் ஒவ்வொருவருக்கும் சால்வையைப் போர்த்தினார். "இது எங்கள் துறையின் தயாரிப்பு" என்று சொல்லவும் செய்தார்.

வரவேற்புரை முடிவதற்குள் கமிட்டித் தலைவரின் கழுத்தில் வியர்வையோடு ஒரு நீலக் கோடு இறங்கியது. நன்றியுரை வரும்போது மூன்று ஜிப்பாவிலும் அமராவதி வெள்ளம். ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், முகத்துக்கும் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் புலவரின் குரல் கேட்டது.

"ஒரு நீலகண்டரைக் கும்பிடவே தவம் பண்ணோணும். பக்கத்து ஊட்டுக்கு மூணு பேரு எழுந்தருளியிருக்காங்களாம், வாங்கப்பா."

நான் ஒருவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கமிட்டித் தலைவர் கேட்டது வெளியே எனக்குக் கேட்டது.

"இதைச் செய்தது யார்?"

 நான் தேய்ப்பதை நிறுத்தினேன். என் கையில் இருந்த கழுத்தும் காது கொடுத்துக் கேட்டது. சார் சொல்வார் என்று நினைத்தேன்.

"நான்தானுங்க சார் முக்கி எடுத்தேன்" என்றார் முனவர் பேகம்.

சார் அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் பதில் வந்தது. துறைக்குச் செய்முறைத் திறன் போதாது, பட்ட வகுப்பு இல்லை. பையன்கள் அந்த அம்மாவுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதை நான் எழுதமாட்டேன். பிரின்சிபால் முனவர் பேகத்தை ஏப்ரலோடு நிறுத்த நிர்வாகக் குழுவுக்கு எழுதினார். சார் ஸ்டாஃப் ரூமுக்கு வருவதையே விட்டார். தராசு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "உங்கள் ஹெட் எங்கே?" என்று கேட்டபோது, "எடை போட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன். பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நிர்வாகக் குழு கூடிய காலையில் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கெட் தண்ணி புடிச்சு பிரின்சிபால் ரூமுக்குக் கொண்டாப்பா."

கொண்டுபோனேன். குழு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பிரின்சிபால் திருநெல்வேலிக்காரர். "என்னவே இது, ஆபீஸ்ல துணி துவைக்கப் போறீரா?" என்றார்.

சார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். இரண்டு கையும் நீலம். நகம், ரேகை, மணிக்கட்டு எல்லாம் நீலம். கிருஷ்ண வேஷக்காரன் கைக்கு மட்டும் பூசிவிட்டு ஓடிவந்த மாதிரி இருந்தது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கமிட்டிக்குப் போர்த்திய துணியில் மிஞ்சிய துண்டை ஒரு பக்கெட்டில் முக்கிப் பிழிந்தார். தண்ணீர் இங்க் ஆனது. அடுத்த பக்கெட்டில் வேறொரு நீலத் துண்டை முக்கிப் பிழிந்தார். தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி.

"இதுக்கு உப்பு போட்டேனுங்க. எங்கப்பா பட்டறையில, ஊர்த் தண்ணியில. அதுக்குப் போடலை. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் விடலை. கமிட்டி கேட்டப்ப அதுதான் எந்திரிச்சு நின்னுச்சு. நான் நிக்கலை." சார் ஈரத் துண்டைப் பக்கெட் விளிம்பில் போட்டார். "நிறுத்தறதுன்னா என்னை நிறுத்துங்க."

குழுவில் வெள்ளியங்கிரி என்று ஒரு பனியன் கம்பெனி முதலாளி. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சாரின் கையையே பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க பட்டறை ரத்தினசாமியண்ணன் பையனுங்களா?"

"ஆமாங்க."

"எங்க துணியெல்லாம் அங்கதானுங்க சாயம் போடறோம். இத்தனை வருசம் ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

சார் தலைகுனிந்தார். மனிதர் கூசினால் உயரம் குறையும் என்று அன்றுதான் கண்டேன். ஆறடி ஆள் மேஜை உயரத்துக்கு வந்துவிட்டார். பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் வெளியேறினேன். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

முனவர் பேகத்தை நிறுத்தவில்லை, நிரந்தரமும் செய்யவில்லை. இன்னொரு வருடம் தற்காலிகம். அடுத்த தடவை கமிட்டிக்கு அவரே செய்முறை காட்ட வேண்டும் என்றார்கள். துறை முழுக்க அவரிடம் அப்படியொரு மரியாதையாகப் பேசினோம். குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஜூனில் கல்லூரி திறந்தது. சாரின் நகக்கண்ணில் நீலம் இன்னும் இருந்தது. பரிசோதனைக் கூடத்தின் வாசலில் கையைப் பைக்குள் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். முனவர் பேகம் உள்ளே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அன்னைக்கு எத்தனை படி கேட்டீங்க?"

"ரெண்டு படிங்க சார்."

"ம்."

சார் அங்கேயே நின்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முனவர் பேகம் திரும்பவில்லை. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

"உப்பு நானே வாங்கி வெச்சுட்டேனுங்க" என்றார் முனவர் பேகம் கடைசியில். "பஸ்ஸ்டாண்டுக் கடையில."

தட்டிக்கு அந்தப் பக்கம் புலவர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெண்பா எதுவும் வரவில்லை.