புதன்கிழமை மீன்

யாழ்ப்பாணப் பட்டணத்தைப் பத்மாசினி அதுவரை கணவனின் வாய்வழியாகத்தான் பார்த்திருந்தாள். கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில், தூக்கம் வராத இரவுகளில், சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டு அவளை ஊர் சுற்றிக் காட்டுவான். பஸ்ஸால் இறங்கு, பழக்கடை மணம் வரும், அதையே பிடித்துக்கொண்டு போ, கஸ்தூரியார் வீதியில் தட்டார் தட்டும் சத்தம் கேட்கும் என்பான். அவள் பாதி வழியிலேயே உறங்கிப்போவாள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். அவளை அளவெட்டியில் தன் தாயின் வீட்டில் விட்டுவிட்டு அவன் மறுபடி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். புரட்டாசி பிறந்தும் அவள் வாசல் படலையைத் தாண்டவில்லை. இன்றுதான் அவனுடைய தமக்கை இரத்தினம்மா, பட்டணம் காட்டுகிறேன் என்று கூட்டி வந்திருந்தாள்.

பட்டணம் காட்டுவது ஒரு சாட்டு. இருவருக்கும் அது தெரியும். புறப்படும்போது மாமி தூணைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்: "பின்னேரப் பூசைக்கு நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போ. சந்நிதியிலை குங்குமம் தந்தா ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேலாது."

பத்மாசினியின் நெற்றி ஆடியிலிருந்து வெறுமையாக இருந்தது. மகன் ஆபத்துக்குள் போய் இருக்கும்போது வெறும் நெற்றியோடு வளையவரும் மருமகளைப் பார்க்கப் பார்க்க மாமிக்கு நெஞ்சு பதறியது. பத்மாசினிக்கும் அது விளங்காமல் இல்லை. தினமும் கண்ணாடி முன் நின்றாள். விரல் குங்குமச் சிமிழ் வரை போகும். அதற்கப்பால் போகாது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. சந்நிதியில், அத்தனை பேருக்கும் முன்னால், விரல் அப்படியே நின்றுவிட்டால்? அவனுக்கு ஏதும் வரட்டும் என்று நினைக்கிறவள் என்றல்லவா ஆகிவிடும்?

அதனால் அவள் பட்டணத்தை மெதுவாகப் பார்த்தாள். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு இடுப்பை உரசிப் போயின. புடவைக்கடைக்காரன் "அக்கா, வாங்கோ, பாக்கிறதுக்குக் காசில்லை" என்று வாசல்வரை வந்து கூப்பிட்டான். எரிந்த நூலகத்துக்கு முன்னால் இரத்தினம்மா நடையை எட்டிப் போட்டாள். சோமசேகரத்தின் இரவுச் சுற்றுலாவில் அது எரியவேயில்லை. ஒவ்வொரு முறையும் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் புத்தகம் எடுத்துத் தருவான்.

ஐஸ்கிறீம் கடையில் இரத்தினம்மா செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தாள்.

"தம்பி சொன்னவன், தம்பி சொன்னவன் எண்டு என்ரை கால் தேஞ்சுபோச்சு. இன்னும் என்னடி மிச்சம் சொன்னவன்?"

"மீன்சந்தை, மச்சாள்."

"மீன்சந்தையோ! கொழும்பாருக்குப் பாக்க நல்ல இடம். கோயிலுக்குப் போற நான் உந்த வாடைக்குள்ளை வரமாட்டன். ரோட்டிலை நிக்கிறன், போய்ப் பாத்திட்டு ஓடிவா."

சந்தைக்குள் தரை நனைந்து வழுக்கியது. ஒரு வரிசை நடுவில், சாக்கின்மேல், விளைமீன்கள் செவ்வரி ஓடிப் பளபளத்தன. இதுதான், இதைத்தான் சொன்னவர் என்று நினைத்த கணமே வாய் கேட்டுவிட்டது.

"என்ன விலை இது?"

விற்றுக்கொண்டிருந்த தடித்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"உனக்கெண்டாக் குறைச்சுத் தாறன். எந்தப் பங்கு பிள்ளை நீ? பாசையூரோ, கொய்யாத்தோட்டமோ? எங்கடை குருநகர்க் கோயிலிலை உன்னைக் கண்ட ஞாபகம் இல்லை."

தன்னைக் கிறிஸ்தவப் பெண் என்று நினைக்கிறாள் என்பது பத்மாசினிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "நான் வேதம் இல்லை. சைவம்."

"சைவமோ? வெள்ளிக்கிழமையிலை வந்து மீன் விலை கேக்கிறாய், நெத்தியிலையும் ஒண்டுமில்லை. பிறகு நான் வேறை என்னத்தை நினைக்கிறது?"

பக்கத்துக்காரி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். "லூர்த்தம்மாக்கா, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போகாத குறைதான்!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?" என்றாள் பத்மாசினி. ஆடியோடு அவளுக்குக் கிழமைகள் அறுந்துபோயிருந்தன.

"அதுகும் தெரியேல்லையோ? எங்கையிருந்து வாறாய்?"

"கொழும்பிலையிருந்து. கப்பலிலை வந்தனாங்கள்."

பக்கத்துச் சிரிப்பு நின்றது. லூர்த்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் கழுத்துத் தாலிக்கொடியைப் பார்த்தாள்.

"மனுசன் இருக்கிறாரோ?"

"ஓம். வேலைக்குத் திரும்பிப் போட்டார்."

"பிறகேன் நெத்தியை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

வீட்டில் எல்லோரும் அந்த நெற்றியைப் பார்த்தார்கள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"அவர்தான் அழிச்சவர்" என்றாள் பத்மாசினி. "ஒழுங்கை முனையிலை ஆக்களின்ரை சத்தம் கேட்டது. பொட்டைக் கண்டால் தமிழர் எண்டு தெரிஞ்சிடும் எண்டு, எச்சில் தொட்டுப் பெருவிரலாலை தேச்சவர். அழிஞ்ச பிறகும் திருப்பித் திருப்பித் தேச்சவர்." கண்ணீர் மீன்களின்மேல் சொட்டியது. "அவர்தானே அழிச்சவர். அவரே வந்து வைக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலும் விழுந்தது. இத்தனை நாளும் கண்ணாடி முன் நின்றது இதற்காகத்தானா?

லூர்த்தம்மா மூக்கை முன்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அதட்டினாள்.

"அப்ப வரச்சொல்லன் மனுசனை! அதுக்கேன் என்ரை மீனுக்கு மேலை நிண்டு அழுகிறாய்? உப்புக் கூடிப்போம். இண்டைக்கு உனக்கு மீன் தரமாட்டன், முருகன் என்னோடை கோவிப்பார். நாளைக்கு வா. சீ, நாளைக்குப் புரட்டாசிச் சனி. ஞாயிறு நான் பூசைக்குப் போடுவன். திங்கள் விரதம் பிடிக்கிறனியோ?"

"மாமி பிடிக்கிறவ."

"செவ்வாயும் சாப்பிடமாட்டியள். உங்களோடை யாவாரம் செய்து நான் விளங்கினமாதிரித்தான். புதன்கிழமை வா. நல்லதா எடுத்து வைக்கிறன்."

பத்மாசினி சிரித்துவிட்டாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

நல்லூரில் பூசை முடிந்து கூட்டம் நெருக்கியது. திருநீற்றைத் தானே பூசினாள். சந்தனத்தையும் வைத்தாள். உள்ளங்கையில் குங்குமம் விழுந்தது. இரத்தினம்மா கோபுரத்தைக் கும்பிடுவதுபோல நின்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் எழும்பவில்லை. ஆனால் இந்தத் தடவை பயமும் வரவில்லை. அர்ச்சனை வெற்றிலையில் குங்குமத்தைக் கொட்டி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

"மச்சாள், இதை அவர் வந்து வைக்கட்டும். அண்டைக்கு அவர்தான் தன்ரை கையாலை அழிச்சவர்."

இரத்தினம்மா அவள் நெற்றியை நேராகப் பார்த்தாள். கோபித்துக்கொண்டாளோ என்றிருந்தது. பிறகு அவள் குனிந்து, அந்த முடிச்சைப் பிடித்து இன்னொரு இறுக்கு இறுக்கினாள்.

"பஸ் நெரிசலிலை அவிண்டுபோகும். அம்மாவோடை நான் கதைக்கிறன். நீ உவனுக்கு எழுது, வா எண்டு."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. கடைகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாக முகத்தில் பட்டு விலகியது.

"மச்சாள், புதன்கிழமை வீட்டிலை மீன் சமைக்கலாமோ?"

"சமைக்கலாம். ஏன்?"

"புதனும் பட்டணம் வருவம்."

"என்ரை கடவுளே, என்ரை கால்!" என்றாள் இரத்தினம்மா.