‘ஏறு’ என்றது யார்

பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே எங்கள் கால்பந்து அணியின் பின்வரிசையில் ஆடும் நான்கு பெண்கள், அவர்களில் நடுவில் நிற்பவள் என் தங்கை. ஐந்து நாளாக ஒரே குளியலறைக் கதவின் முன் எதிர்ப்பட்டும் என்னோடு பேசாதவள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான பட்டியலில் அவள் பெயரைப் பயிற்சியாளரான நான் இன்னும் எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"பந்து எதிராளி காலை விட்டு விலகுதா, முதுகு காட்டுறாளா, நாலு பேரும் சேந்து முன்னால ஏறணும். பந்தை ஒட்ட வச்சுக்கிட்டு நிமிர்ந்து நம்மளப் பாத்து வர்றாளா, சேந்து பின்னால இறங்கணும். நடுவுல நிக்கிறவ குரல் மட்டுந்தான் கணக்கு. வேற யாரு கத்தினாலும் காதுல வாங்கக் கூடாது. போன வாரம் ஒருத்தி பாய்ஞ்சா, மூணு பேரு நின்னாங்க. நடுவுல ஓட்டை. தோத்தோம்" என்றேன்.

"ஒருத்தின்னா யாரு மேடம்?" என்றாள் தங்கை.

அக்கா இல்லை. மேடம்.

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். இவங்களுக்குச் சொல்லுங்க. அன்னிக்கு 'ஏறு'ன்னு கோட்டுக்கு வெளியேருந்து கத்தினது யாரு?"

கம்பத்தை விட்டு நகராததால் பல்லி என்று பெயர் வாங்கிய கோல்கீப்பர் இருமினாள். "என்னைக் கேக்காதீங்கப்பா, நான் சுவத்துல இருந்தேன்."

நான்தான் கத்தினேன். அந்த எதிராளி நிமிர்ந்துதான் வந்தாள், இறங்கவேண்டிய நேரம். பயத்தில் கத்திவிட்டேன். சிறு வயதிலிருந்து என் குரலுக்கு ஓடிப் பழகியவள் பாய்ந்துவிட்டாள். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அன்று எல்லோர் முன்னும் அவளை "மூளை இருக்கா?" என்று கேட்டிருந்தேன். இப்போது எனக்கு வந்தது வெட்கமல்ல, எரிச்சல். தங்கைதானே, தாங்கிக்கொண்டால் என்ன?

"உன் தப்பை என் தலையில கட்டாத. ஞாயித்துக்கிழமை வெளிய உக்காரணுமா?"

"எழுதாத பேரை வச்சு எத்தன நாள் மிரட்டுவீங்க?"

பந்தைக் காலோடு ஒட்டவைத்து, தலை நிமிர்ந்து, அவளை நோக்கி நடந்தேன். அவள் ஒருமுறை பாய்ந்தால் போதும். தப்பு அவளுடையதுதான் என்று எல்லோரும் நேரில் பார்த்துவிடுவார்கள். பாதி வழியில், அன்றைய அதே தொனியில் கத்தினேன்.

"ஏறு!"

ஓரத்தில் நின்றவளின் கால் துடித்தது. உடனே அவள் நடுவில் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள், என்னையல்ல.

"இறங்கு" என்றாள் தங்கை, குரலை உயர்த்தாமல்.

நால்வரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள். நான் இன்னோர் அடி வைத்தேன். அவர்களும் ஓர் அடி. வரிசை கலையவே இல்லை. எனக்கும் அவளுக்கும் இடையே அதே பத்தடிப் புல், குறையாமல், என்னோடு நகர்ந்துகொண்டிருந்தது.